பேச்சி குரூப்பை அழிக்க வேண்டாம்

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் கார்த்திகா போன் செய்தாள். மதுரை தல்லாகுளத்தில் நான் வேலை பார்த்த மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில், நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

“அண்ணே, தூங்கிட்டீங்களா?”

“இனிமேத்தாம்மா. சொல்லு.”

“பழைய சர்வரை மூடிட்டுப் புதுசுக்கு மாறப் போறோம்ல, வேண்டாததையெல்லாம் கழிச்சுக்கிட்டு இருக்கேன். இதுல ‘பேச்சி’ன்னு ஒரு குரூப் கிடக்கு. யாரு வச்சது, எதுக்கு வச்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. அழிச்சிரவா?”

“முதல்ல மவுஸுல இருந்து கையை எடு” என்றேன். தூக்கம் போயே போய்விட்டது.

அவள் சிரித்துவிட்டு, “அப்ப என்ன ஏதுன்னு எழுதிக் குடுங்க. எனக்குப் பின்னாடி வாரவங்களும் இதையேதான் கேப்பாங்க” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும், பரவாயில்லை.

நான் அந்தக் கம்பெனிக்கு டைப்பிஸ்டாகத்தான் போனேன். தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தபோது, “இனி டைப்பிஸ்டுக்கு வேலை இல்லை” என்று யாரோ கிளப்பிவிட, பயந்துபோய் சிம்மக்கல்லில் ஒரு மாடியில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆறு மாதப் படிப்பில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தது நாலு தடவை, கையால் தொட்டது ஒரு தடவை. ஆனாலும் கம்பெனியில் அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான் என்பதால், சர்வர் வாங்கியதும் அதன் சாவி என் கைக்கு வந்துவிட்டது. மற்றதெல்லாம் அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

எங்கள் ஏற்பாடு இப்படி. மருந்துக் கிடங்கு பரவையில், இன்னொரு டிப்போ திருமங்கலத்தில். அங்கே மேஜைமேல் ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நோட்டுப் புத்தக அளவில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். வேலை எல்லாம் தல்லாகுளத்து மாடியில், ஏசி அறையில் இருந்த சர்வரில்தான் நடக்கும். பரவையில் மவுஸை அசைத்தால் அது டெலிபோன் லைன் வழியாகத் தல்லாகுளத்துக்கு வரும். மாறிய திரையை சர்வர் திரும்பப் பரவைக்கு அனுப்பும். ஒருவருடைய திரையின் நிறம், எழுத்தின் அளவு, பின்னால் வைத்திருக்கும் படம் எல்லாமே அவர் பெயரில் சர்வரில்தான் பதிந்திருக்கும். எல்லாருடைய திரையையும் ஒழுங்காக வைத்திருப்பது என் பொறுப்பு.

எனக்கு மேலே நாகநாதன் சார். ஆபீஸ் மேனேஜர், சௌராஷ்டிரக்காரர். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் குழைந்து குழைந்து பேசுவார், எங்களுக்கு ஒரு எழுத்தும் விளங்காது. எங்களிடம் எங்களைப் போலவே மதுரைப் பேச்சு. கோபம் வந்தால் மட்டும் அவர் குரல் உயராது, தமிழ் உயர்ந்துவிடும். “என்னய்யா இது” என்று கேட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். “தாங்கள் செய்தது சரியென்று கருதுகிறீர்களா?” என்று கேட்டால் அன்றைக்கு நாம் தொலைந்தோம்.

அவர் எனக்கு ஒரு நீள நோட்டு போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையாலேயே ஸ்கேல் வைத்து நாலு கட்டம் இழுத்திருந்தார். தேதி, முன்பு என்ன இருந்தது, என்ன மாற்றினோம், யார் கேட்டார்கள். சர்வரில் ஒரு துரும்பை நகர்த்தினாலும் அதில் ஒரு வரி எழுத வேண்டும். சாயந்தரம் ஐந்தரைக்கு நோட்டு அவர் மேஜைக்குப் போகும், பச்சை மையில் கையெழுத்து விழும். எனக்கு அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் பிடிக்கவே பிடிக்காது. கம்ப்யூட்டர் வேலையில் யார் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று நினைப்பேன்.

முதல் தலைவலி சாமிகளால் வந்தது. எங்கள் ஆட்கள் திரையில் கிழமைக்கு ஒரு சாமி வைப்பார்கள். செவ்வாய் என்றால் முருகன், சனி என்றால் பெருமாள், வெள்ளிக்கிழமை அம்மன். படம் பெரிது, லைன் சிறிது. வெள்ளிக்கிழமை காலை பரவையும் திருமங்கலமும் ஒரே நேரத்தில் சாமி மாற்றும்போது சர்வருக்கு மூச்சு முட்டும். படம் மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும். கிரீடம் தெரிந்த பிறகு டீக்கடைக்குப் போய்விட்டு வந்தால் முகம் வந்திருக்கும். பாதம் வரும்வரை ஒருவரும் வேலையைத் தொட மாட்டார்கள். பாதிச் சாமியை வைத்துக்கொண்டு வேலை தொடங்கக் கூடாதாம்.

திருமங்கலம் டிப்போ மேனேஜர் வேறு ரகம். அவர் எழுந்து டீக்குப் போனால் திரையில் மீன்கள் நீந்தும். அந்த மீன் ஒவ்வொன்றும் தல்லாகுளத்திலிருந்து லைன் வழியாக நீந்திப் போக வேண்டும் என்பதால், அவர் டீ குடித்து முடிக்கும்வரை மற்றவர்களுக்கு வேலை நின்றுவிடும். கேட்டால், “மீனு அது பாட்டுக்கு நீந்துது தம்பி, உங்களை என்ன செய்யுது?” என்பார்.

சாமிப் படத்தை எடுக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நாகநாதன் சாரிடம் போய் நின்றேன்.

“திரைக்குள்ளதான் இருப்பேன்னு எந்தச் சாமிய்யா கேட்டுச்சு? மானிட்டருக்கு மேல ஒட்டிக்கிறச் சொல்லு. நம்ம செலவுல ஸ்டிக்கர் வாங்கிக் குடு” என்றார்.

ஒட்டினார்கள். அம்மன் முழு உருவத்தில், பாதத்தோடு, காத்திருக்க வைக்காமல் காட்சி கொடுத்தாள். மீன்களை நானே பிடித்துவிட்டேன். லைன் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சூட்டோடு ஒரு காரியம் செய்தேன். எல்லாருக்கும் ஒரே திரை என்று முடிவெடுத்தேன். வெள்ளைப் பின்னணி, கருப்பில் பொடி எழுத்து, சரக்குப் பட்டியலின் எல்லாப் பத்தியும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி. யார் எதை மாற்றினாலும் சரி, வேலை முடித்து வெளியேறியதும் எல்லாம் அழிந்து மறுநாள் காலையில் என் திரைதான் வரும். மூன்று ஊரிலும் ஒரே முகம். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அதை ஒருவர் மட்டும் மதிக்கவில்லை. யார் எதை மாற்றினாலும் சர்வரில் ஒரு வரி பதியும்படி வைத்திருந்தேன். தினமும் காலை அலுவலகம் திறந்த பத்தாவது நிமிடத்தில் பரவையிலிருந்து எட்டு வரி விழும். பின்னணி கருப்பாகும், எழுத்து மஞ்சளாகும், அளவு பெரிதாகும், இப்படி வரிசையாக எட்டு. சாயந்தரம் சர்வர் அதை அழிக்கும். மறுநாள் காலை மறுபடியும் அதே எட்டு, அதே வரிசையில். பெயர் செல்வம் என்று இருந்தது. செல்வம் பரவைக் கிடங்கின் இளவட்டம், எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவன். போனைப் போட்டேன்.

“மாப்ள, எதுக்குடா தினமும் திரையை மாத்துற?”

“நான் எதையும் தொடலையேண்ணே.”

“அப்ப சர்வர் பொய் சொல்லுதா?”

“சர்வர் எதுக்குண்ணே பொய் சொல்லப் போகுது?” என்றான். அதற்கு மேல் நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். அவன் போகிற வழியில் ஒன்றை அடைத்தேன். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு அதே கருப்பு, அதே மஞ்சள் வந்து நின்றது. அதையும் அடைத்தேன். இன்னொன்று திறந்தது. ஒரு மாதம் இப்படி மல்லுக்கட்டு. உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஜாலியாகவே இருந்தது. காலையில் வந்ததும் சட்டையைக்கூட உதறாமல் முதலில் அந்த வரிகளைத்தான் பார்ப்பேன். கடைசியில் பொறுமை போய், திரை அமைப்புக்குப் போகும் பக்கத்தையே எல்லாருக்கும் எடுத்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு வரிகூட விழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று கேன்டீனில் எனக்கு நானே இரண்டு உளுந்தவடை வாங்கிக்கொண்டேன்.

நோட்டில் எழுதினேன். யார் கேட்டார்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். மகள் கல்யாணத்துக்காக நாகநாதன் சார் லீவில் இருந்த வாரம் அது. அந்தப் பக்கத்தில் பச்சைக் கையெழுத்து விழவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புகார்கள் வர ஆரம்பித்தன. மருந்துப் பெட்டியில் ஒரு பேட்ச் நம்பர், நாங்கள் அனுப்பிய சீட்டில் வேறொரு நம்பர். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். மருந்தில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு பேட்ச் சரியில்லை, திருப்பி அனுப்புங்கள் என்று தயாரித்தவர்கள் சொன்னால் அது எந்தக் கடைக்குப் போயிருக்கிறது என்று எங்களால் சொல்ல முடியாது. தப்பு வந்த சீட்டுகள் எல்லாவற்றிலும் பேனாவால் போட்ட ஒரே பெயர்ச் சுருக்கம் இருந்தது. மு.பே.

முத்துப்பேச்சி அக்காவை எனக்கு முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. பரவையில் பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்தவர். அம்மாவும் அப்பாவும் தேனூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். பத்தாவது முடித்திருந்தும், பெட்டி கட்டும் இடத்திலிருந்து கம்ப்யூட்டரில் சீட்டுப் போடும் நாற்காலிக்கு வர அவருக்குப் பதினொரு வருஷம் ஆனது. இப்போது முதலாளி அவரை மறுபடி பெட்டி கட்டவே அனுப்பச் சொல்லிவிட்டார். கடிதம் டைப் அடித்தாகிவிட்டது.

நாகநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். “பரவைக்குப் போயி மானிட்டர் கீபோர்டு எதுவும் பழுதான்னு பாத்துட்டு வா. லெட்டர் என் மேஜையிலதான் இருக்கு. நீ வந்து சொன்ன பெறகு கையெழுத்துப் போடுறேன்.”

மார்க்கெட்டுக்கு வந்த காய்கறி லாரிகளுக்குள் பஸ் மாட்டிக்கொண்டு, பரவை போய்ச் சேர்வதற்குள் பத்தரை ஆகிவிட்டது. மானிட்டர் நன்றாக இருந்தது. கீபோர்டும் நன்றாக இருந்தது. “நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் இடது கையைக் குவித்துத் திரையில் வைத்தார். அந்தக் கை நிழலுக்குள், மானிட்டரில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து ஒரு நம்பரைப் படித்தார். நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். ஒரு நம்பருக்கு மூன்று தடவை. கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது, அழுகை இல்லை.

“எம்புட்டு நாளாக்கா இப்படி?”

“ஒண்ணுமில்ல தம்பி, தூசி” என்றார்.

பின்னால் நின்ற செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, சொல்லிருங்க. இனி மறைச்சு என்ன ஆகப் போகுது? அண்ணே, அக்காவுக்குத் தனியா பேரு, பாஸ்வேர்டு ஒண்ணும் குடுக்கலைல்ல. கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு மட்டும்தான்னு சொல்லிட்டீங்க. அதான் என் பேருலதான் அவங்க மிஷினையும் திறந்து விடுவேன்.”

அப்படிச் சொன்னவனும் நான்தான்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து நீட்டினார். குண்டு குண்டாகத் தமிழில் எழுதியிருந்தது. வெறும் இடத்தில் வலது பட்டன். கடைசி வரி. நாலாவது தாள். அதில் மூன்றாவது பெட்டி. அப்படியே எட்டு வரி. முதல் வரியைப் படித்ததுமே மற்ற ஏழும் எனக்கு மனப்பாடமாக வந்தன. அதன் கீழே அடித்து எழுதிய வேறு வழிகளும் இருந்தன. நான் ஒவ்வொன்றாக அடைக்க அடைக்க அவர் தேடிக் கண்டுபிடித்தவை.

“வெள்ளையா இருந்தா எழுத்து கரைஞ்சு போகுது தம்பி. கண்ணாடியால இம்புட்டுத்தான் முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கருப்புல மஞ்சளா இருந்தா பஸ் போர்டு மாதிரி பளிச்சுன்னு தெரியும். நானே நோண்டி நோண்டிக் கண்டுபிடிச்சேன். செல்வமும் பாவம், என்னால அவனும் கருப்புத் திரையிலயே கிடந்தான்.”

“ஏங்க்கா ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லலை?”

“தினமும் அழிக்கிறாங்கன்னா ஏதோ ஆர்டர் போலன்னு நெனச்சேன். கண்ணு தெரியலைன்னு சொன்னா பழையபடி பெட்டி கட்ட அனுப்பிருவாங்களே. அதான் சொல்லாம கொள்ளாம தினமும் போட்டுக்குவேன். அழிக்கிற ஆபீசர் யாரோ, பாவம், அவருக்கும் காலையில இதே பொழப்பாப் போச்சேன்னு நெனச்சுக்குவேன்.”

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. “அந்த ஆபீசர் நான்தாங்க்கா” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “நீங்களா? நான் வயசானவரா இருப்பாருன்னுல்ல நெனச்சேன்” என்று சிரித்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பி வரும் வழியெல்லாம் மானிட்டர் பழுது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. புது மானிட்டர் போடலாம், திரையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், அக்கா வேலையும் தப்பிக்கும், என் மானமும் தப்பிக்கும். ஆனால் தப்பு நம்பர் போட்டவர் என்ற பெயர் அவருக்கு அப்படியே நின்றுவிடும். அதனால் நாகநாதன் சார் முன்னால் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன், வடை சாப்பிட்டது உட்பட.

அவர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பக்கத்தைப் புரட்டி எடுத்துக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“இங்கே கோடு போட்டிருக்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை என்று பொருள் கொள்ளலாமா?”

தமிழ் உயர்ந்துவிட்டது. “ஆமா சார்” என்றேன்.

“ஒருவர் கேட்டிருக்கிறார். தினந்தோறும் எட்டு வரியாகக் கேட்டிருக்கிறார். தாங்களும் தினந்தோறும் படித்திருக்கிறீர்கள். பதில்தான் சொல்லவில்லை.”

என் வேலைக் காலம் முழுவதும் வாங்கிய திட்டுகளை ஒரு தட்டில் வைத்தாலும் அந்த நாலு வரிக்கு ஈடாகாது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அவர் மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். காகிதத்தை வீணாக்குகிறவர் இல்லை அவர். திருப்பிப் போட்டு என் பக்கம் தள்ளினார். “பின்பக்கம் வெள்ளையாத்தானய்யா இருக்கு? நடந்ததை அப்படியே எழுது. நான் முதலாளிகிட்டக் கொண்டுபோறேன்” என்றார். மதுரைப் பேச்சு திரும்பியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

முதலாளி எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். கடிதம் அதோடு செத்தது. அன்று சாயந்தரமே முத்துப்பேச்சி என்ற பெயரில் அக்காவுக்குத் தனிக் கணக்கு திறந்து, ‘பேச்சி’ என்று ஒரு புதிய குரூப் போட்டேன். இந்தக் குரூப்பில் இருப்பவர்களுக்குத் திரை கருப்பு, எழுத்து மஞ்சள், பெரியது, சாயந்தரம் அழியாது. எழுத்து பெரிதானதில் இரண்டு பத்தி திரைக்கு வெளியே போனது. பேட்ச் நம்பரை முதல் பத்திக்குக் கொண்டுவந்து அதையும் சரிக்கட்டினேன்.

மறுநாள் காலை பரவைக்குப் போன் செய்து, “அக்கா, ஏழாவது வரி நம்பரைப் படிங்க” என்றேன். படித்தார். என் திரையில் இருந்ததும் அதுதான். “பதினொண்ணு?” அதுவும் சரி. “இருபது?” அதுவும்.

“அண்ணே, அக்கா நாற்காலியில நல்லாச் சாஞ்சுக்கிட்டுப் படிக்குது” என்று பின்னாலிருந்து செல்வம் கத்தினான்.

“தம்பி, இனிமே காலையில எனக்குப் பத்து நிமிசம் மிச்சம்” என்றார் அக்கா.

எனக்கும்தான் மிச்சம். சாயந்தரம் நோட்டில் எழுதினேன். யார் கேட்டார்கள்: முத்துப்பேச்சி, பரவை. பச்சைக் கையெழுத்து அழகாக விழுந்தது. அக்கா அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெற்றார். அவர் சீட்டில் அதற்குப் பிறகு நம்பர் தப்பியதாக ஒரு புகாரும் எனக்கு வரவில்லை.

கார்த்திகாவிடம் போனில் இதைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் விடவில்லை.

“எல்லாம் சரிண்ணே. அந்தக்கா ரிட்டயர் ஆகியே எம்புட்டோ வருஷம் ஆச்சே. இப்ப யாருக்கு அது?”

“உள்ள யாரு யாரு இருக்காங்கன்னு பாத்தியா?”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “ஆறு பேரு இருக்காங்க. திருமங்கலத்துல ரெண்டு பேரு... நம்ம செல்வம் சாருமா? அவரு பரவை மேனேஜராச்சே!” மறுபடி கீபோர்டைத் தட்டினாள். “அண்ணே, கடைசியா உங்க பேரும் இருக்கு.”

“ஆமாம்மா. ஐம்பத்திரண்டு வயசுல வெள்ளைத் திரை எனக்கும் கரைய ஆரம்பிச்சிருச்சு. நோட்டுல என் பேரை எழுதிட்டுத்தான் சேந்தேன். வேணும்னா பீரோவுல எடுத்துப் பாரு, கடைசிக் கட்டத்துல இருக்கும்.”